சீல் குத்திய பேப்பர்

கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். கெம்பனஹள்ளிக்காரர்கள் வேளை தவறாமல் கேழ்வரகுக் களி தின்கிறவர்கள்தான். அப்படிப்பட்ட ஊருக்கே ஒரு நாள் புத்தி கெட்டுப் போயிற்று, அதுவும் போண்டா மடிக்கிற காகிதத்தைப் படித்து. அதற்குத் தண்டம் அழுதவள் அஸ்கரி பேகம்.

அஸ்கரி வளையல்காரி. வீடு கோட்டப்பேட்டையில். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கெம்பனஹள்ளிக்கு வளையல் கொண்டு போகிறாள். தகரப்பெட்டி தலையில் இருக்கும், வளையல் சரங்கள் தோளில் தொங்கும், குரல் அவளுக்கு முன்னால் தெருவுக்குள் போய்விடும். அந்த ஊரில் அவள் பிடிக்காத பெண் கை இல்லை. விரல்களைக் குவித்து, புறங்கையை மெல்லப் பிசைந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வலி தெரியாமல் வளையலை ஏற்றி விடுவாள். கை பிசையும்போது பெண்கள் எல்லாவற்றையும் சொல்லி விடுவார்கள். மாமியார் படுத்துகிற பாடு, புருஷன் குடித்துவிட்டு வந்து ஆடுகிற ஆட்டம், தள்ளிப்போன நாள், எல்லாம் முதலில் அஸ்கரிக்குத்தான் தெரியும். வளைகாப்பு என்றால் ஆள் விட்டு அழைப்பார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு முதல் வளையல் அவள்தான் போட வேண்டும், ராசியான கை என்று ஒரு பேர் இருந்தது.

அந்தக் கையைப் பிடித்து முறுக்கித்தான் 'பிள்ளை பிடிக்கிறவ' என்றார்கள்.

எண்பத்தாறாம் வருஷம், மாரியம்மன் பண்டிகைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பண்டிகைக்குப் புது வளையல் போடாத பெண் அந்த ஊரில் கிடையாது என்பதால் அஸ்கரி முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். நேரே குள்ளம்மாள் வீட்டுக்குத்தான் போனாள். குள்ளம்மாள் அவளுக்கு வாடிக்கைக்காரி மட்டும் இல்லை, அந்த ஊரில் அவளுக்கு ஒரு வீடு என்றால் அது குள்ளம்மாள் வீடுதான். மத்தியானக் களி அங்கே, மழைக்கு ஒதுங்குவது அங்கே, ரம்ஜானுக்கு அஸ்கரி தூக்குவாளியில் கொண்டு வரும் சேமியா முதலில் அங்கே. குள்ளம்மாளின் மகள் செல்லி தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டு தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வளைகாப்புக்கு என்ன நிறம், எத்தனை சோடி என்று காலையிலேயே உட்கார்ந்து பேசி முடித்தார்கள். பிறகு அஸ்கரி தெருத்தெருவாகப் போனாள்.

அதே காலையில் பச்சியப்பன் டீக்கடையில் நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கெம்பனஹள்ளிக்குப் பேப்பர் வராது. பச்சியப்பன் கோட்டப்பேட்டையில் எடைக்கு வாங்கி வருகிற பழைய பேப்பர்தான் வரும். ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் உரக்கப் படிக்கிறவன் பச்சியப்பன் ஒருவன்தான். போண்டாவை மடிப்பதற்கு முன்னால் துண்டுக் காகிதத்தை விரித்துக் கணீரென்று ஒரு தடவை படிப்பான். அது எந்த வருஷத்துச் சங்கதி, எந்தச் சீமைச் சங்கதி என்று அவனும் பார்க்க மாட்டான், கேட்கிறவனும் கேட்க மாட்டான். காதில் புதிதாக விழுந்தால் புதுச் செய்தி, அவ்வளவுதான். ஒரு தடவை சர்க்கரை ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று இவன் படித்ததைக் கேட்டு நான்கு பேர் பாலக்கோட்டுக்கு ஓடிப்போய்க் காவல்காரனிடம் வசவு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆளெடுப்பு முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்போதும் யாருக்கும் உறைக்கவில்லை.

அன்று அவன் கையில் வந்த துண்டில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது. 'வளையல் விற்பதுபோல் வந்த பெண் பிடிபட்டார். குழந்தையைக் கடத்த முயற்சி. பொதுமக்கள் ஆவேசம்.' கீழே நான்கைந்து வரி. அதற்குக் கீழே காகிதம் கிழிந்திருந்தது. ஊர்ப்பேர் இருந்த ஓரமும் கிழிந்திருந்தது. எவனோ ஒருவன், பழைய பேப்பராச்சே என்று இழுத்தானாம். பச்சியப்பன் காகிதத்தின் மூலையைத் தூக்கிக் காட்டினானாம். அங்கே ஊதா மசியில் பாதி வட்டமாக ஒரு சீல்.

"இங்க பாருடா, கவர்மெண்டு சீலு. பொய்யின்னா சீல் குத்துவானா?"

வாயை மூடிக்கொண்டார்களாம். பத்திரத்தில் சீல், ரேஷன் கார்டில் சீல், சந்தையில் வெட்டித் தொங்கவிட்ட ஆட்டுத்தொடையில்கூடச் சீல். சீல் விழுந்தால் அதற்கு மேல் பேச்சு இல்லை என்று பழகிப்போன ஜனங்கள்.

மத்தியானத்துக்கு மேல் அஸ்கரி பஸ் ஏறக் கிளம்பினாள். சென்றாயன் மகள், இன்னும் பள்ளிக்கூடம் போகாத சின்னக் குட்டி, பின்னாலேயே ஓடி வந்தது. அதன் அம்மா வளையல் வாங்கித் தரவில்லை என்று காலையிலிருந்து அழுகை. அஸ்கரி பெட்டியைத் திறந்து சின்ன அளவில் சோடி சேராமல் கிடந்த இரண்டை எடுத்துப் போட்டுவிட்டாள். அப்படியும் குட்டி போவதாக இல்லை. ரோட்டோரத்தில் பிள்ளையை விட்டுவிட்டு எப்படி பஸ் ஏறுவது? அதன் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று திரும்பினாள்.

எதிரில் சென்றாயன். அவன் பின்னால் டீக்கடைக் கூட்டம் முழுக்க.

"பிள்ளைய எங்கடி இழுத்துக்கினு போற?"

'டி' என்ற அந்தச் சொல்லே அவளுக்குப் புரியவில்லை. இவன் பெண்டாட்டி கல்யாணத்துக்கு வளையல் போட்டவள் அவள். வாய் திறப்பதற்குள் பெட்டி கீழே விழுந்தது. அவ்வளவு கண்ணாடியும் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஒருவன் தலைமுடியைப் பிடித்தான், ஒருவன் கையை முறுக்கினான், எங்கிருந்தோ வந்த கல் புருவத்தில் பட்டது. பச்சியப்பன் அந்தக் காகிதத்தை அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "உன் சேதிதான்டி பேப்பர்லயே வந்திருக்குது" என்று கத்தினான். அவள் அதைப் பற்றிக்கொண்டாள். எதையாவது பிடித்தாக வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்தது அதுதான்.

"நான் அஸ்கரிங்க! என்னத் தெரியலையா? அய்யோ, குள்ளம்மாவக் கேளுங்க!"

குள்ளம்மாள் அங்கேதான் இருந்தாள். குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். கண்ணில் ரத்தம் இறங்குவதற்கு முன்னால் அஸ்கரி அவளை நன்றாகப் பார்த்தாள். அவளும் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ் வந்தது. கண்டக்டர்தான் இறங்கி ஓடி வந்து, "யோவ், எங்க வண்டியில தினமும் வர்ற அம்மாய்யா இது" என்று கத்தி அவளை இழுத்துப் படியில் ஏற்றினான். ஊரே சேர்ந்து அறியாதவளாக்கியவளைத் தெரியும் என்று சொல்ல வெளியூர்க் கண்டக்டர் ஒருவன் வேண்டியிருந்தது.

புருவத்தில் தையல் போட்டார்கள். அவள் புருஷன் நூர் பாஷா தகரப் பெட்டி செய்கிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். நசுங்கிய வளையல் பெட்டியை மடியில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டே சொன்னார்.

"வுட்டுரு அஸ்கரி. அந்த ஊரே வேணாம். போலீசு கேசுன்னு போனா நாம பொழைக்க முடியாது. வேற ஊரா இல்ல?"

வேறு ஊருக்கும் போய்ப் பார்த்தாள். கெம்பனஹள்ளிக்கு அடுத்த ஊர். அவளுக்கு முன்னால் சங்கதி போய்ச் சேர்ந்திருந்தது. குரல் கேட்டதும் ஒரு தாய் ஓடி வந்து வாசலில் விளையாடிய பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி, "இன்னிக்கு வேணாங்க" என்றாள். அந்த 'ங்க'வில் மரியாதை இல்லை, பயம்தான் இருந்தது. அன்று ஒரு வளையல் விற்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துபோயிற்று, இந்தப் பேரைத் துடைக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் எந்த வாசலிலும் இனிப் பெட்டியை இறக்க முடியாது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அழுது முடித்தவர்களுக்கு வருகிற கோபம் இல்லை, அழவே மறுத்தவளுக்கு வருகிற கோபம்.

ராத்திரி அந்தக் கசங்கிய காகிதத்தை விரித்து விளக்கருகில் பிடித்தாள். அஞ்சாவது வரை படித்தவள். சீலில் மிச்சமிருந்த எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படித்தாள். '...நூலகம், கோட்டப்பேட்டை.'

கோட்டப்பேட்டை நூலகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் வாசலை அவள் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறாள், ஏறியதில்லை. அவள் என்ன, அந்த ஊர்ப் பெண் யாருமே ஏறியதில்லை. மறுநாள் காலை நெற்றிக் கட்டோடு அவள் உள்ளே நுழைந்தபோது நீள மேசையைச் சுற்றிப் பேப்பர் பிடித்திருந்த ஆண்கள் எல்லாம் ஏதோ மாடு உள்ளே வந்துவிட்டதுபோல நிமிர்ந்து பார்த்தார்கள்.

நூலகர் சவுரியப்பன் ஒரு கையில் சீல், முன்னால் மசிப்பெட்டி என்று உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வந்த பேப்பர்களில் பக்கத்துக்குப் பக்கம் குத்திக்கொண்டிருந்தார். டப், டப் என்று விழுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அஸ்கரிக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்னாம்மா, யாரப் பாக்கணும்?"

"இந்தச் சீல் குத்துனவரப் பாக்கணும்." காகிதத்தை மேசைமேல் அறைந்தாள். "இது உங்க சீலுதானே?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எங்களுதுதான். அதுக்கென்னா இப்போ?"

"இந்தச் சீலப் பாத்துட்டுத்தான் என்ன அடிச்சாங்க. கவர்மெண்டே சொல்லிருச்சாம், நான் புள்ள புடிக்கிறவளாம். எதப் பாத்துக் குத்துனீங்க? விசாரிச்சீங்களா? என்னத் தெரியுமா உங்களுக்கு?"

சவுரியப்பனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. நெற்றிக் கட்டைப் பார்த்ததும் அது அடங்கியது.

"அம்மா, இது பேப்பர் எங்களுதுன்னு காட்டுறதுக்குக் குத்துறது. எவனும் தூக்கிட்டுப் போயிரக் கூடாதில்ல, அதுக்குத்தான். உள்ள போட்டிருக்கிறது நெசமா பொய்யான்னு நான் எங்கம்மா பாத்தேன்? அது என் வேலை இல்ல."

"தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னா இது எப்படி போண்டாக் கடைக்குப் போச்சு?"

அதற்கு அவர் கொஞ்சம் தயங்கினார். பழசானால் எடைக்குப் போட்டுவிடுவது வழக்கம், மேலிடத்து உத்தரவு, இடம் பற்றாது என்று என்னென்னவோ சொன்னார்.

"வாசிக்கிறவங்க இருக்கிற எடம், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வேட்டி மடிப்புக் கலையாத ஒரு பெரிய மனிதர்.

"வாசிங்க சாமி, நல்லா வாசிங்க. நீங்க வாசிச்சு முடிச்ச காயிதம்தான் எங்க ஊட்டுத் தலையில வந்து வுழுந்துச்சு" என்றாள் அஸ்கரி. அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சவுரியப்பன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். கெம்பனஹள்ளியில் இத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவனும் செய்யாத காரியம். பின்பக்கம் ஏதோ ஏல அறிவிப்பு, அதன் அடியில் தேதி.

"இது எண்பத்திமூணாம் வருஷத்துப் பேப்பரும்மா. மூணு வருஷம் ஆச்சு. சேதியும் பாதிதான் இருக்குது. கிழிஞ்ச பாதியில என்னா எழுதியிருந்தானோ."

"அந்தப் பாதி எனக்கு வேணும்."

"எங்கிட்ட இல்லியே. தர்மபுரியில பெரிய லைப்ரரியில மாசத்துக்கு மாசம் பைண்டு பண்ணி வெச்சிருப்பாங்க. தேதிதான் இருக்குதே, எடுத்துரலாம். ஆனா..."

"ஆனாவாவது, ஆவன்னாவாவது. சீல் குத்துனது நீங்க. நீங்கதான் எடுத்துத் தரணும். இல்லன்னா தினமும் வந்து இங்கதான் உக்காந்திருப்பேன். பெட்டியோட."

மிரட்டல் பலித்ததா, இல்லை, நெற்றிக் கட்டு பலித்ததா தெரியாது. அந்த வாரமே ஆபீஸ் வேலையாகத் தர்மபுரி போன சவுரியப்பன் அந்தச் செய்தியை முழுசாக ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தார். ஜெராக்ஸ் மிஷின் தர்மபுரிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கசங்காமல் இருக்க அந்தக் காகிதத்தைப் பைக்குள் வைத்துத் துணி சுற்றிக் கொண்டு வந்திருந்தார், பாவம்.

அஸ்கரி நூலகப் படியில் உட்கார்ந்து படித்தாள். அது எங்கோ கடலோர ஜில்லாவில் நடந்தது. வளையல் விற்க வந்த ஒரு பெண்ணையும் கூட இருந்த குழந்தையையும் பார்த்துச் சந்தேகப்பட்டு ஊரார் அடித்தார்கள். கிழிந்துபோன பாதியில்தான் விஷயமே இருந்தது. போலீசார் விசாரித்ததில் அது அவள் பெற்ற குழந்தை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு ஒரு கண் போயிற்று. அடித்தவர்களைக் கைது செய்தார்கள். தலைப்பைக் கை அகலத்துக்குப் போட்டவன் உண்மையை அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருந்தான். அஸ்கரி, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்துத் திட்டினாள். பேப்பர்காரனை, பச்சியப்பனை, சென்றாயனை, எல்லோரையும். உருதுவில் திட்டினாள், பிறகு போதாதென்று தமிழிலும் திட்டினாள்.

அடுத்த பஸ்ஸிலேயே கெம்பனஹள்ளிக்குப் போனாள். பட்டப்பகலில், நெற்றிக் கட்டோடு, தனியாக. டீக்கடை முன்னால் போய் நின்று காகிதத்தை நீட்டினாள். பச்சியப்பன் வாங்கவில்லை. எட்டி நின்றே பார்த்தான்.

"இது ஜெராக்ஸு. யாரு வேணா எடுத்துக்கினு வரலாம். சீலு எங்க?"

இரண்டு பேர் தலையாட்டினார்கள். "ஆமா, சீல் இல்லியே" என்றான் சென்றாயன். அவன் முகத்தில் அன்றைய வெறி இல்லை. ஆனால் தப்பை ஒப்புக்கொள்வதைவிடச் சீலைக் கேட்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அவள் அதே பஸ்ஸில் திரும்பினாள். நேரே நூலகம்.

"சீலு வேணுமாம்."

"ஜெராக்ஸ்ல குத்த முடியாதும்மா, அது எங்க சொத்து இல்ல. என் வேலை போயிரும்."

"குத்த வேணாம். சீலையும் மசிப்பெட்டியையும் எடுத்துக்கிட்டு எங்கூட வாங்க. எதுக்குக் குத்துறீங்கன்னு அந்தப் பாவிங்ககிட்ட உங்க வாயால சொல்லுங்க. அது போதும்."

அதற்கும் முடியாது என்றார். இரண்டு நாள் அவள் தன் சொல் தவறாமல் வளையல் பெட்டியோடு வந்து வாசிப்பு மேசையில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நூலகத்துக்கு விடுமுறை. சவுரியப்பன் சட்டைப்பையில் சீலும் கையில் மசிப்பெட்டியுமாகப் பஸ் ஸ்டாண்டில் நின்றார். அஸ்கரி வளையல் பெட்டியோடு வந்தாள்.

கெம்பனஹள்ளியில் அன்று சந்தைக்குப் போகாத ஆட்கள் எல்லாம் கடை முன்னால் கூடிவிட்டார்கள். பெண்களும் தள்ளி நின்றார்கள். சவுரியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது நூலகச் சீல், பேப்பர் எங்களுடையது என்பதற்கான அடையாளம், செய்திக்கு அத்தாட்சி அல்ல என்று ஆபீஸ் தமிழில் சொன்னார். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும் பச்சியப்பன் சொன்னான்.

"சரிங்க சார். ஆனா கவர்மெண்டு சும்மா குத்துமாங்க? ஒண்ணும் இல்லாததுக்குக் குத்துமா?"

அஸ்கரிக்குப் பொறுமை போயிற்று. எட்டி, சவுரியப்பன் கையிலிருந்த சீலைப் பிடுங்கினாள். "அம்மா, அம்மா" என்று அவர் பதறியதைக் காதில் வாங்கவில்லை. கடை மேசையில் கிடந்த போண்டா மடிக்கிற காகிதத்தில் ஒன்றை உருவினாள். பச்சியப்பன் பற்று எழுதுகிற பென்சிலை எடுத்தாள். ஓரத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். மசியில் சீலைத் தோய்த்து ஓங்கி ஒரு குத்து. டப்.

"சென்றாயா, இந்தா, படி. சத்தமாப் படி."

சென்றாயன் எழுத்துக் கூட்டினான். "பச்... சியப்பன்... பிள்ளை பிடிக்கிறவன்."

கூட்டம் அந்தக் காகிதத்தைப் பார்க்க நெருக்கிக்கொண்டு வந்தது.

"சீலு இருக்குதா?"

"இருக்குது."

"கவர்மெண்டு சீலுதானே? உம் பொண்ணு தினமும் முறுக்கு வாங்க இவன் கடைக்குத்தானே வருது? அப்புறம் என்னா நிக்கற? மயிரப் புடி. கையை முறுக்கு. கல்லு வேணுமா, நான் பொறுக்கித் தரட்டா?"

"அய்யோ, இது அநியாயம்" என்று பச்சியப்பன் அலறினான். "இப்பத்தான் இவளே எழுதுனா! நீங்கல்லாம் பாத்தீங்கல்ல?"

"நான் எழுதுனத ஊரே பாத்துச்சு. அன்னிக்கு நீ படிச்சியே, அத எழுதுனவன நீ பாத்தியா? என்னிக்கு எழுதுனான்னு பாத்தியா? அது எந்த ஊருன்னு பாத்தியா? மொத்தமும் இருக்குதான்னாவது பாத்தியாடா, பாவி?"

எவனோ பின்னால் களுக்கென்று சிரித்தான். அவள் திரும்பிய திருப்பத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. சவுரியப்பன் அந்தக் காகிதத்தைச் சென்றாயன் கையிலிருந்து பறித்துச் சுக்குச் சுக்காகக் கிழித்து, சீலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

அஸ்கரி ஜெராக்ஸைப் பச்சியப்பன் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"படி. அன்னிக்கு எந்தக் கொரல்ல படிச்சியோ அதே கொரல்ல படி. கடைசி எழுத்து வரைக்கும்."

அவன் படித்தான். தலைப்பைப் படிக்கும்போது பழக்கத்தில் குரல் தானாகவே உயர்ந்தது. கிழிந்த இடத்தைத் தாண்டியதும் இறங்கத் தொடங்கியது. பெற்ற குழந்தை என்ற இடத்தில் ஒரு தடவை நிறுத்தினான். 'ம்' என்றாள் அஸ்கரி. மறுபடி படித்தான். ஒரு கண் பார்வை இழந்தார் என்ற வரியில் குரல் எழும்பவே இல்லை, உதடுதான் அசைந்தது. "கேக்கலை" என்றாள். திரும்பப் படித்தான். அடித்தவர்கள் கைது என்பதைப் படிக்கும்போது ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் அவள் புருவத்தைத்தான் பார்த்தார்கள். கட்டு அவிழ்ந்து தையல் தெரிந்தது. இன்னும் விரற்கடை கீழே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சென்றாயன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். "தப்புதாங்க. புள்ளைன்னதும் கண்ணு மண்ணு தெரியலைங்க. மனசுல வெச்சிக்காதீங்க" என்றான்.

"வெச்சிக்குவேன்" என்றாள் அஸ்கரி. "ஆனா உம் பொண்ணுக்குப் பண்டிகைக்கு வளையல் போடுவேன். அது என்னா பண்ணுச்சு?"

பெண்கள் மெல்ல நெருங்கி வந்தார்கள். ஒருத்தி பெட்டியைத் திறக்க உதவினாள், ஒருத்தி தண்ணீர் கொண்டு வந்தாள். 'நாங்க ஊட்ல இருந்தோம், எங்களுக்குத் தெரியாது' என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அஸ்கரி ஒவ்வொரு கையாக வாங்கிப் பிசைந்து வளையல் ஏற்றினாள். பேசவில்லை. செல்லியும் வந்து வயிற்றைச் சாய்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் கைக்கு மட்டும் பச்சை எடுத்து, வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொண்டு, நோகாமல் போட்டுவிட்டாள்.

"வளைகாப்புக்கு நீங்கதான் வரணும்" என்றாள் செல்லி.

"வருவேன் கண்ணு. உனக்குப் போடுறதுக்கு வருவேன்."

கடைசியில் குள்ளம்மாள் வந்தாள். மகள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அஸ்கரி, சத்தியமாச் சொல்றேன், நான் நம்பலை. அந்தப் பேப்பர நான் ஒரு நாழி நம்பலை. நீ புள்ளையத் தூக்குவியா? எனக்குத் தெரியாதா உன்ன?"

அதைக் கேட்டதும் அஸ்கரிக்கு உள்ளே இருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. சென்றாயனிடம் வராத கோபம், பச்சியப்பனிடம்கூட வராத கோபம். இத்தனை நாளாக அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது கல் இல்லை, சீல் இல்லை, ஒரு குடம். இடுப்பில் இறுக்கிக்கொண்ட குடம்.

"அவங்க படிச்சாங்க, நம்புனாங்க, அடிச்சாங்க. முட்டாளுங்க. நீ நம்பலை. நெசம் தெரிஞ்சவ அந்த எடத்துல நீ ஒருத்திதான் இருந்த. வாயத் தொறந்து ஒத்த வார்த்தை சொன்னியா?"

"பயமா இருந்துச்சு. என்னையும்..."

"எனக்கு மட்டும் என்னா, குளுகுளுன்னு இருந்துச்சா?"

குள்ளம்மாள் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தக் கைகளின் அளவு அஸ்கரிக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இடது கை கொஞ்சம் பெரிது, கட்டைவிரல் மூட்டில் வளையல் சிக்கும், அங்கே ஒரு அழுத்து அழுத்த வேண்டும். பெட்டியிலிருந்து அந்த அளவில் ஒரு டஜன் சிவப்பு வளையலை எடுத்தாள். எடுத்து, நீட்டிய கைகளுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"நீயே போட்டுக்க" என்றாள்.

பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேலத்தெருவுக்கு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் "வளையலோ வளையல்" என்று அவள் குரல் கேட்டது. குள்ளம்மாள் நீட்டிய கையை மடக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.